ஜனவரியில் திரும்பிப் போகும் பொருள்கள்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. கல்கத்தாவில் ரிப்பன் தெருப் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்திய வீடு, உன் முதல் அலங்கார வேலை, அதுவும் பொரோதினுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு. சந்தோஷமாக இருக்கிறது. வீட்டு அம்மா "பழைய காலத்து மாதிரி இருக்கணும்" என்று சொன்னதும் நீ வாங்க வேண்டிய சாமான்களை எழுத உட்கார்ந்துவிட்டாய். அங்கேதான் உன்னை நிறுத்துகிறேன்.

பட்டியலின் தலையில் பித்தளைப் புனல் வைத்த கிராமஃபோன் இருக்கிறது. அதை முதலில் அடித்துவிடு. பழசு என்று சொல்லி வெளியூர்க்காரர்களிடம் விற்கிற கிராமஃபோன்களில் பல, கிடைத்த உதிரிகளைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டியவை. எட்டு மூலைப் பெட்டி, அழுத்தினால் நெளியும் புனல், கண்ணைப் பறிக்கும் பாலிஷ், கோணலாக ஒட்டிய நாய்ப்படம் என்று எல்லாம் சேர்ந்திருந்தால் விலை கேட்கவும் வேண்டாம். இந்தியாவில் இசைத்தட்டு அச்சடிக்கும் முதல் ஆலை 1908இல் சியால்டாவில் தொடங்கியது. டம்டம்மில் பெரிய ஆலை 1928இல் வந்தது. இந்த ஊரிலேயே போலி கிராமஃபோனுக்குப் பூ சுற்றி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் உண்மையான ஒன்று இருந்து, அது பாடவும் செய்தால், அதற்கு அலங்காரமே வேண்டாம். மூடியைத் திறந்து வைத்தால் போதும்.

உன்னிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான்: நீ எடுத்து வைக்கும் ஒவ்வொரு பொருளும் ஜனவரி 7ஆம் தேதி காலை தன் பழைய வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும். சூப் பாத்திரம் சூப்புக்கு, டிரங்குப் பெட்டி கம்பளிக்கு. திரும்ப முடியாதபடி ஏதாவது செய்தால்தான் அலங்காரம் வரும் என்றால் அந்தப் பொருளைத் தொடாதே. மறுபயன்பாடு என்ற பெயரில் இன்று நடப்பதில் பாதி, பழைய பொருளைக் கொல்வது. பர்மா தேக்கு நாற்காலிக்கு வெள்ளைச் சாயம் பூசி, உப்புத்தாளால் தேய்த்துப் 'பழசாக்குகிறார்கள்'. அது ஏற்கெனவே பழசு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? 78 சுழற்சி இசைத்தட்டைச் சூடாக்கி மடித்துக் கிண்ணமாக்குகிறார்கள். அந்தத் தட்டு அரக்கில் செய்தது. விளக்குப் பக்கத்தில் வைத்தாலே வளைந்துவிடும். ஃப்ரீ ஸ்கூல் தெருவில் ஒவ்வொரு தட்டாகத் தூசி தட்டித் தேடி வாங்குகிறவர்களை நீ பார்த்திருப்பாய். அவர்கள் தேடுவதை நாம் உடைத்துத் தோரணம் கட்டக் கூடாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் அந்த வீட்டைத் திறந்து பார். அளவு நாடா இரண்டாவது நாளைக்கு. முதல் நாள் வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வோர் அலமாரியாகத் திறக்கச் சொல். என்ன எடுக்கலாம் என்று கேட்காதே, இது எங்கிருந்து வந்தது என்று கேள். அந்தத் தெருக்களின் பழைய குடும்பங்களில் ரயில்வே, தந்தி, சுங்கம், இவற்றில் ஒன்றில் வேலை பார்த்த தாத்தா அநேகமாக இருப்பார். ரயில்வே தாத்தா இருந்தால் கார்டு கையில் பிடிக்கும் சமிக்ஞை விளக்கும் எங்காவது பரணில் கிடக்கும். சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் உள்ள விளக்கு. கிறிஸ்துமஸின் இரண்டு நிறங்களையும் அந்த வீடு எத்தனையோ ஆண்டுகளாக ஒரே சாமானில் வைத்திருக்கிறது என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உள்ளே மண்ணெண்ணெய் வேண்டாம், பேட்டரி மெழுகுவர்த்தி போதும். புளி போட்டுத் தேய்க்காதே. அந்தக் கறுப்பு அவர் பார்த்த இரவு வேலையின் கறுப்பு.

சமையலறையில் வலை அலமாரி இருக்கிறதா என்று பார். குளிர்பெட்டி வருவதற்கு முன் இறைச்சியும் பாலும் வைத்த, கம்பிவலைக் கதவு போட்ட சின்ன மர அலமாரி. எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்கள். குடில் வைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நடுத்தட்டைக் கழற்றி, கீழே வைக்கோல் பரப்பி, பின்பக்கம் ஒரு சின்ன விளக்கு வைத்துக் கதவைச் சாத்திவிடு. வலைக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம் மங்கலாகத் தெரியும். நாகர்கோவிலில் நீ பார்த்து வளர்ந்த குடில் திறந்த குடில்: சாக்குக் காகித மலை, மணல், ஓடை, ஊரே வந்து பார்க்கும். அதை இங்கே கொண்டுவர ஆசைப்படுவாய். வேண்டாம். இந்த வீட்டுக் கூடம் சின்னது, குடியிருப்பவர்களும் வயதானவர்கள். கால் தடுக்காமல் நடக்க அவர்களுக்கு இடம் வேண்டும்.

நீ போ பேரக்ஸ் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். போய்ப் பார். முதல் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்காகக் கட்டிய செங்கல் கட்டடங்கள், பச்சை ஜன்னல்கள், நடுவே ஒரு சந்து. டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தச் சந்து முழுக்க விளக்கும் பாட்டுமாக இருக்கும், நகரமே அங்கே வரும். ஆனால் மாடி ஜன்னல்களுக்குள் கேமராவை நீட்டாதே, அவை வீடுகள். நீ அங்கே கற்க வேண்டியது அழகை அல்ல, சிக்கனத்தை. அங்கே குடும்பங்கள் போன வருடத்துத் தோரணத்தைத்தான் மறுபடி எடுத்துக் கட்டுகின்றன. உன் பட்டியலில் 'புதிய தோரணம், பழைய தோற்றத்தில்' என்று ஒரு வரி பார்த்தேன். அந்த வரியை எழுதியபோது உனக்கே சிரிப்பு வரவில்லையா?

வீட்டைத் திறந்து பார்த்த பிறகும் ஏதாவது குறைந்தால் அப்போது ரஸ்ஸல் தெருவுக்குப் போ. ஒரு காலத்தில் அங்கே ஏலக் கடைகள் வரிசையாக இருந்தன, இன்று எண்ணிவிடலாம். 1940இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச்தான் அவற்றில் பேர் பெற்றது. லண்டன்காரர் ஒருவர் அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் போவதென்றால் அதற்கு முன்பே ஒருநாள் போய்ச் சாமானைத் தொட்டுப் பார்த்துவிடு. ஏலத்தில் எடுத்ததைத் திருப்பித் தர முடியாது. நாற்காலியைக் கவிழ்த்து அடியில் மாவு மாதிரித் தூள் உதிர்கிறதா என்று பார். உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, ஒரு நாற்காலியோடு ஒரு வீட்டின் மரச்சாமான் முழுவதையும் தின்ன அதை அழைத்துப் போகிறாய். கண்ணாடிக் கோப்பையை விரலால் சுண்டினால் விரிசல் இருப்பது சத்தத்தில் தெரியும். உனக்கு ஓர் உச்ச விலையை வீட்டிலேயே காகிதத்தில் எழுதிக்கொண்டு போ. ஏலக்காரர் குரல் ஏறும்போது நம் கை தானாக உயரும்.

அங்கே ஒன்றை மறக்காதே. 1947க்குப் பிறகு பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போன குடும்பங்கள் கப்பலில் ஏற்ற முடியாததை விற்றுவிட்டுத்தான் போயின. நீ ஏலத்தில் எடுக்கும் கேக் தட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவருடைய அத்தை வீட்டுத் தட்டாக இருக்கலாம். அதனால் பெயர் பொறித்த வெள்ளிச் சாமானை, குடும்பப் புகைப்படம் உள்ள சட்டத்தை அலங்காரத்துக்கென்று வாங்காதே. முகம் தெரியாதவர்களின் கல்யாணப் படத்தை இன்னொருவர் வீட்டுச் சுவரில் மாட்டுவது இப்போது பெரிய மோஸ்தராம். எனக்கு அது ஒப்பவே இல்லை.

இன்னொன்று. பெர்த்திலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ பண்டிகைக்கு வரும் உறவினர், நீ எடுத்து வைத்த பழைய சாமானைப் பார்த்து "இதை நான் கொண்டுபோகிறேன்" என்பார். நூறு வருடம் கடந்த பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடு.

இனி உனக்கு மிகவும் பிடிக்கப்போகிற பகுதி. நீ பட்டியலில் எழுதாத, இந்த ஊர் தெருவிலேயே வைத்திருக்கிற சாமான்கள்.

சித்பூர் சாலையில் நூத்தன் பஜார் பக்கம் சந்தேஷ் இனிப்புக்கான அச்சுகள் விற்கிறார்கள். மரத்தில் குடைந்தவை: மீன், சங்கு, மாம்பழம், பூ. வடக்குக் கல்கத்தா வீடுகளில் பாட்டி காலத்து அச்சுகளும் இருக்கும், கேட்டால் இரவல் தருவார்கள். கொஞ்சம் நெய் தடவி, இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பிசைந்த மாவை அழுத்தி எடு. ஈரமாக இருக்கும்போதே குச்சியால் துளை போட்டு, அடுப்பில் குறைந்த சூட்டில் காயவிட்டால் மரத்தில் தொங்கவிடக் கல் போன்ற வெள்ளை மீன்கள் கிடைக்கும். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டதும் மீன்தான். வங்காளியின் சாப்பாட்டுத் தட்டிலும் மீன்தான். இதைவிடப் பொருத்தமாக எந்தக் கடையில் வாங்குவாய்? அச்சை உடனே ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவை, உப்பு மரத்தில் தங்கக் கூடாது. தொங்கவிட நூல் வாங்காதே. கிழிந்த பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையிலிருந்து இழையை உருவு. பழைய புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் காந்தா போர்வை செய்த ஊர் இது. நம் தொழிலை இந்த ஊர்ப் பாட்டிகள் நமக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள். உப்பு மாவு மட்டும் அடுத்த மழைக்காலத்தில் கசிந்து குழையும் என்பதை வீட்டு அம்மாவிடம் சொல்லிவிடு. ஒரு வருடச் சாமான் அது, அடுத்த வருடம் மறுபடி செய்துகொள்ளலாம். திரும்பிப் போக வேண்டியது அச்சுதான்.

மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரை வாங்கிச் சாப்பிட்டபின் மண் சட்டியைத் தூக்கிப் போடாத வீடுகள் இங்கே நிறைய. பால்கனியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பூச்சாடிக்கு அவை போதும். டீ குடிக்கிற மண் குவளை, பார் என்கிறார்களே, அதில் மெழுகுவர்த்தி வைக்கலாம். மெழுகை நேராக ஊற்றாதே. மெருகு பூசாத மண், மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். தகரக் கிண்ணத்தோடு வரும் சின்ன மெழுகுவர்த்தியை உள்ளே இறக்கு. இந்தக் குவளைகளை வைத்தே 2001இல் போஸ்புக்கூர் ஷீதலா மந்திர் துர்கா பூஜைப் பந்தலை எழுப்பினார்கள். ஊரே வரிசையில் நின்றது. தூக்கி எறிகிற சாமானை மதிக்கக் கல்கத்தாவுக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளைக்கு எங்கே போவாய் என்று கேட்டிருந்தாய், பஞ்சு வாங்கட்டுமா என்று. பஞ்சு பனி வேண்டவே வேண்டாம். அது தீப்பொறிக்குக் காத்திருக்கும் சாமான். தவிர, கல்கத்தாவில் பனி பெய்ததே இல்லை. இங்கே வெள்ளை என்றால் சோலா. உனக்குத் தெரிந்த பெயரில் சொன்னால் நெட்டி, தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களே, அதே சதுப்புநிலச் செடியின் தண்டு. குமார்துலிப் பக்கம் துர்கைக்குக் கிரீடமும் மாப்பிள்ளைக்குத் தொப்பொர் என்ற கல்யாணத் தொப்பியும் செய்பவர்கள் இருக்கிறார்கள். நம் மார்கழி மாதிரி இவர்கள் பௌஷ் மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை. டிசம்பர் நடுவில் பௌஷ் பிறந்ததும் அந்தக் கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இப்போதே போய் முன்பணம் கொடுத்து வை. நட்சத்திரமும் பூவும் மட்டும் கேள். தேவதைப் படத்தைக் கைபேசியில் காட்டி இதே மாதிரி என்று கேட்காதே. அவர்களுக்குத் தெரிந்த இறக்கைகள் அன்னத்தின் இறக்கைகள், அவற்றையே செய்யட்டும். பூஜை முடிந்து கழற்றிய பழைய சோலா அலங்காரம் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் சாமிக்குச் சாத்தியதா என்று விசாரித்துக்கொள். சாத்தியது என்றால் விட்டுவிடு.

யாமினி ராயை (1887–1972) இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். கிறிஸ்துவை எத்தனையோ முறை வரைந்தவர், கிறிஸ்தவர் அல்ல. வெளிநாட்டுச் சாயத்தையும் கேன்வாஸையும் ஒதுக்கிவிட்டு மண் நிறங்கள், விளக்குக் கரி, புளியங்கொட்டைப் பசை, துணி, பாய் என்று கைக்கு எட்டியதில் வரைந்தார். அவருடைய கிறிஸ்துவுக்கு, வங்காளத்துக் கிராம ஓவியர்களான பட்டுவாக்களின் படங்களில் வருகிற நீண்ட கண்கள். வேலை தொடங்கும் முன் அந்தப் படங்களில் ஒன்றையாவது நேரில் பார்த்துவிட்டு வா. எவ்வளவு குறைவான கோடுகள் என்று எண்ணிப் பார். பேலூர் மடத்திலும் டிசம்பர் 24 மாலை ஏசுவின் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி, பூ, கேக் வைக்கிறார்கள். அவ்வளவுதான் அலங்காரம், ஒன்றும் குறைவாகத் தெரியாது.

வீட்டில் பழைய கண்ணாடிக் குமிழ்கள் இருந்தால் நிதானமாகக் கையாளு. ஜெர்மனியின் லௌஷா ஊர்க் கண்ணாடி ஊதுபவர்கள் தொடங்கிவைத்த சாமான் அது. வெள்ளிப் பூச்சு உள்பக்கம், சாயம் வெளிப்பக்கம். ஈரத்துணி பட்டால் சாயம் போகும், தண்ணீர் உள்ளே போனால் வெள்ளி உரியும். உலர்ந்த மென்மையான தூரிகை போதும். பெட்டிக்குள் பழைய ஜிகினா நாடா கனமாக, தொய்வாகத் தொங்கினால் அது ஈயத் தகடாக இருக்கலாம். அமெரிக்காவில் 1972 வாக்கில் அதை நிறுத்திவிட்டார்கள். பேரக்குழந்தைகள் வருகிற வீட்டில் அதைத் தொங்கவிடாதே. 'பழசு, அதனால் நல்லது' என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடக் கூடாது என்பதற்குச் சொல்கிறேன்.

விளக்கு விஷயத்தில் மட்டும் பழசை மறந்துவிடு. அந்த வீட்டுச் சுவரில் மரப்பலகையில் பதித்த சுவிட்சும் துணி சுற்றிய ஒயரும் இருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஒரு சரம்கூடச் செருகாதே. 2010 மார்ச்சில் பார்க் தெருவின் ஸ்டீஃபன் கோர்ட் கட்டடத்தில் பிடித்த தீயில் 43 பேர் இறந்தார்கள். பழைய கட்டடத்தில் தீ எப்படி மாடிப்படியை அடைக்கும் என்று அன்று இந்த ஊர் பார்த்தது. அதனால் படிக்கட்டில் எந்த அலங்காரமும் வைக்காதே, ஒரு மாலைகூட. எஸ்ரா தெருவில் எல்இடி சரம் வாங்கு, மஞ்சள் நிற ஒளியாக, கண் சிமிட்டாததாக. இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும், சென்னையைவிட முக்கால் மணிக்கும் மேல் முன்னதாக. வருகிறவர்கள் எல்லாரும் உன் வேலையை இருட்டில்தான் பார்க்கப் போகிறார்கள். அதனால் பகலில் அழகாகத் தெரிந்ததைப் பற்றிப் பெருமைப்படாமல், ஆறு மணிக்குப் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு மாற்றவேண்டியதை மாற்று.

நட்சத்திரம் மட்டும் உன் ஊர்ப்படி செய். மூங்கில் சிம்பு கட்ட உனக்குத் தெரியும். காகிதத்துக்கு விஸ்வகர்மா பூஜைக்கு விட்டு மிஞ்சிய பட்டங்களைத் தெருப் பையன்களிடம் கேட்டு வாங்கு. கிழிந்த பட்டமும் நட்சத்திரத்துக்கு ஆகும். மரத்துக்கு ஊட்டி வரை யோசிக்காதே. தொட்டியில் வளர்கிற அரௌகேரியா இருந்தால் அதுவே மரம், இல்லாவிட்டால் நம் ஊர்ப் பக்கம் போலச் சவுக்குக் கிளை. தொட்டி மரத்தில் கனமானதைத் தொங்கவிட்டுக் கிளையை ஒடிக்காதே, அதுவும் ஜனவரியில் பால்கனிக்குத் திரும்ப வேண்டும்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். அர்மேனியர்களுக்கு அன்றுதான் கிறிஸ்துமஸே; 1724இல் எழுந்த அவர்களுடைய நாசரேத் கோவிலில் அன்று பூசை நடக்கும். அதுவரை அலங்காரம் இருக்கட்டும். மறுநாள் நீயே போய்க் கழற்று, ஆள் அனுப்பாதே. முதல் நாள் அலமாரிகளைத் திறந்தபோது எந்தத் தட்டில் எது இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்திருப்பாய் அல்லவா, அதைப் பார்த்து அதே இடத்தில் வை. கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றாதே, மை ஒட்டும். பழைய மல் துணியில் சுற்று.

கடைசியாகப் பணம். வாங்கிய சாமான் குறைவு என்பதால் பில் தொகையைக் குறைத்துவிடாதே. சாமான் விலையில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குகிற பழக்கம்தான் இந்தத் தொழிலைக் கெடுத்தது. அதனால்தான் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டுக் கடையில் வாங்கச் சொல்கிறோம். நாள் கணக்கில் கேள். அலமாரி திறந்து பார்த்த நாளும் ஒரு நாள்தான், அதையும் எழுது. பாதி முன்பணமாக வாங்கு, கழற்றுகிற நாளின் கூலியையும் அதிலேயே சேர்த்துவிடு. பண்டிகை முடிந்தபின் ஜனவரியில் கேட்டால் இந்த ஊரில் யாரும் தர மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா
லேக் மார்க்கெட், கொல்கத்தா